ஒன்பதாம் வகை ஐஸ்: இல்லை

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் கரும்புச் சாறு விற்கும் ஒரு அம்மாவின் வியாபாரத்தை ஒரு வீடியோ நான்கே நாளில் படுக்கவைத்தது. ஒன்பதாம் நம்பர் ஐஸ் என்று ஒன்று உண்டாம். அதில் ஒரு துணுக்கு உள்ளே போனால் ரத்தமே உறைந்துவிடுமாம். பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து வரும் பெண்கள் கடையைத் தாண்டிப் போனார்கள். சாக்குக்குள் ஐஸ் பாளம் வீணாகக் கரைந்தது.

"இப்டியே போச்சின்னா மெஷின வித்துட்டு கேன்டீன்ல தட்டு கய்வத்தான் போணும் சார்" என்றார்.

நான் தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன். விளக்கம் சொல்லும் வியாதி இன்னும் விடவில்லை. மறுநாள் அந்தப் பெண்களை நிறுத்திவைத்துச் சொன்னேன்: அழுத்தத்தைக் கூட்டினால் நீர் வேறு வேறு அடுக்குகளில் உறையும், அப்படி இருபது வகை ஐஸ் வரை கண்டிருக்கிறார்கள். நாம் குடிப்பது முதல் வகை. ஒன்பதாவது நிஜமாகவே உண்டு. அதற்கு ஆயிரக்கணக்கான மடங்கு காற்றழுத்தமும் கடுங்குளிரும் வேண்டும். அது யாரையும் கொல்லாது. உலகத்தை உறையவைப்பதெல்லாம் கதைக்காரர்களும் சினிமாக்காரர்களும் ஏற்றிவிட்ட பெருமை.

"அப்போ நெசமாவே கீதாடி!" என்றாள் ஒருத்தி.

"சாரே சொல்லிட்டாரு. வா, போலாம்."

"நீங்க சொம்மாவே இருந்திருக்கலாம் சார்" என்றார் அம்மா.

தப்பு என்னுடையது. சோதனையில் தேறியதற்கான பச்சை அட்டை தொங்காத பாகத்தை லைனில் தொடவே கூடாது என்று பழக்கப்பட்டவர்களிடம் நான் இயற்பியல் பேசியிருக்கிறேன்.

மறுநாள் கடையில் ஒரு டம்ளர் தண்ணீரில் ஐஸ் துண்டைப் போட்டேன். அழுத்தத்தில் பிறந்த அந்த வகைகள் நீரைவிடக் கனமானவை, மூழ்கும். இது மிதந்தது. பச்சை அட்டையில் எழுதினேன்: பொருள், ஐஸ் பாளம். வகை, ஒன்று. ஒன்பதாம் வகை, இல்லை. நிலை, ஏற்கப்பட்டது. தேதி, கையெழுத்து. மெஷினில் கட்டித் தொங்கவிட்டேன்.

"ஏய், ஓகே டேக் போட்டுக்கீதுடி! அக்கா, எனக்கு ஐஸ் தூக்கலா."

நான் யார், எனக்கு என்ன அதிகாரம் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. நான்கு மணிக்குச் சாக்கு காலி.

ஒரே சிக்கல், பழக்கதோஷத்தில் 'இன்று மட்டும் செல்லும்' என்றும் எழுதித் தொலைத்திருந்தேன். அடுத்த நாள், ஐஸ் தூக்கலாகக் கேட்ட பெண்ணே அதை விரல் வைத்துக் காட்டினாள். "சார், டேட்டு நேத்தோட முடிஞ்சிப்போச்சே?"

அவள் சொன்னதுதான் முறை. ஆகவே தினமும் இரண்டு மணிக்கு டம்ளரும் புது அட்டையுமாகக் கிளம்புகிறேன். மெஷினை விற்கும் பேச்சு நின்றுவிட்டது. பரிசோதனை முடியும்வரை அம்மா யாருக்கும் பிழிந்து தருவதில்லை, என்னையும் சேர்த்துத்தான்.