மரியதாஸ் அண்ணை ட்ரம்பெட் வாசித்தாரா?

மரியதாஸ் அண்ணை போய்விட்டார். இன்று காலை, ஜெர்மனியின் ஹம் நகர வைத்தியசாலையில்.

வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. உயிரோடு இருந்த ஒருவருக்கு ஏற்கெனவே இரங்கல் போட்ட குழு அது. அண்ணை வாசித்த பாண்டின் கீபோர்ட்காரன் ரூபனுக்குப் போன் எடுத்துக் கேட்டேன்.

"ஓம் அண்ணை, உண்மைதான். நான் பக்கத்தில நிண்டனான்" என்றான். பிறகுதான் நம்பினேன்.

பாண்டைத் தெரியாதவர்களுக்கு... கல்யாணம், பிறந்தநாள், ஜெர்மன் கம்பனிகளின் கோடை விழா என்று வார இறுதிகளில் ஊர் ஊராகப் போய் ஸ்விங், சோல் ஆட்டப் பாட்டுகள் வாசிக்கிறவர்கள். பாடுவதும் நடத்துவதும் ஜெனி. ட்ரம்பெட், மன்னார் மாதா கோயில் பாண்டில் பழகிய மரியதாஸ் அண்ணை.

எங்கள் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதத்தான் நான் அவர்களின் வான் வண்டியில் ஏறினேன். கட்டுரை வந்த பிறகும் இறங்கவில்லை... அவர்களுக்கு ஒரு சாரதி தேவைப்பட்டது, நான் ஓட்டினேன்.

முன் சீட்டில் அண்ணையும் நானும். எதையும் லேசில் நம்பாத இரண்டு பேர். அவருக்கு அது சுபாவம், எனக்குத் தொழில்.

"தம்பி, இண்டைக்கும் எங்களுக்குச் சாப்பாடு கடைசியிலதான் தருவினம் பாருங்கோ." மண்டபம் வருவதற்கு முன்பே சொல்லிவிடுவார். சவுண்ட்காரர் மைக் ஓனில் இருக்கிறது என்று சொன்னால், தானே போய்த் தட்டிப் பார்ப்பார்.

அப்படிப்பட்டவரை நான் சந்தேகித்தது ஹம்மில் ஒரு கல்யாண வீட்டில்.

ட்ரம்பெட் ஊதினால் மூச்சின் ஈரம் உள்ளே தண்ணீராகச் சேரும். சில பாட்டுகளுக்கு ஒருமுறை ஒரு சிறிய விசையை அழுத்தி அதை வெளியே விட வேண்டும். மண்டபத்துத் தரை நனையாமல் இருக்க, அண்ணை காலடியில் ஒரு சின்னத் துவாய் விரித்து வைப்பார்.

அன்று நிகழ்ச்சி முடிந்து துவாயை எடுத்தேன். காய்ந்து கிடந்தது. ஆனால் ட்ரம்பெட் சத்தம் முழு நேரமும் கேட்டது.

சாமான் ஏற்றும்போது ரூபனைப் பிடித்தேன். "ட்ரம்பெட் எங்கயிருந்து கேட்டது?"

"ட்ரம்பெட்டுக்குள்ளயிருந்துதான்."

"துவாய் காய்ஞ்சு போய்க் கிடக்குது ரூபன்."

அவன் பெருமூச்சு விட்டான். "பேப்பர்காரரை வானில ஏத்தாதேங்கோ எண்டு அப்பவே சொன்னனான்."

பிறகு சொன்னான். அண்ணையின் மேல் முன்பற்கள் இரண்டைப் பிடுங்கிப் பொய்ப்பல் கட்டியிருந்தார்கள். ட்ரம்பெட்டை உதட்டில் அழுத்தினால் பல் தாங்கவில்லை. அதனால் ரூபன் கீபோர்ட்டில் ட்ரம்பெட் சத்தத்தை வைத்து வாசித்தான். அண்ணை கன்னத்தை உப்பி, விரலை மட்டும் அசைத்தார்.

"ஜெனி அக்காவுக்குத் தெரிஞ்சால் வேற ஆளைப் போட்டிடுவா. இந்த வானை விட்டால் அந்த மனுசனுக்கு என்ன இருக்கு, சொல்லுங்கோ? அக்காவும் போயிட்டா." அக்கா என்றது அண்ணையின் இறந்துபோன மனைவியை.

ஜெனியின் விதி எல்லோருக்கும் தெரியும். மேடையில் கேட்பது எல்லாம் மேடையில் வாசித்ததாக இருக்க வேண்டும்.

அவள் மூக்குக்கும் ஏதோ மணந்திருந்தது. அடுத்த வாரம் என்னிடம் கேட்டாள்: "அண்ணைக்கு என்ன நடந்தது? முந்தி ஒவ்வொரு நோட்டுக்கும் என்னோட சண்டை பிடிப்பார். இப்ப எல்லாத்துக்கும் ஓம் எண்டுறார்."

தெரியாது என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் எர்லாங்கன் நகரத்து நிகழ்ச்சி. ஒரு கம்பனியின் கோடை விழா, எஞ்சினியர்கள் குடும்பத்தோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். ட்ரம்பெட் தனியாக வரும் இடம் நெருங்கியபோது, ஜெனி பாடிக்கொண்டே கீபோர்ட் பக்கம் போனாள். தட்டிக் குலுக்கும் டம்பரின் ஒன்றை எடுத்து ரூபனின் கையில் கொடுத்தாள்.

ரூபனின் இரண்டு கையிலும் டம்பரின். கீபோர்ட் சும்மா கிடந்தது.

அண்ணை ரூபனைப் பார்த்தார். ஜெனியைப் பார்த்தார். ட்ரம்பெட்டை உதட்டில் வைத்தார்.

முதல் நோட் உடைந்தது. அடுத்ததை ஒரு ஸ்தாயி கீழே எடுத்தார். முன்பு ஓடி ஓடி வாசித்த இடத்தில், விட்டு விட்டு, மெதுவாக... ரூபனின் லேப்டாப்பில் ஏதும் பதிவு ஓடுகிறதா என்றும் எட்டிப் பார்த்தேன். மூடியிருந்தது. ஆடியவர்கள் யாரும் நிற்கவில்லை.

திரும்பும்போது வானுக்குள் ஜெனி கேட்டாள். "பல்லு எப்ப கட்டினனீங்கள்?"

"ஆர் சொன்னது?" அண்ணை என்னைத்தான் முறைத்தார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. ஒரு மாசமா நீங்கள் சிரிக்கேல்லை அண்ணை. இனி உங்களுக்குக் கீழ் ஸ்தாயியில எழுதித் தாறன்."

ஓட்டோபான் நெடுஞ்சாலையில் கோப்பி குடிக்க இறங்கியபோது அண்ணை என் காதுக்குள் சொன்னார்: "என்னை மெல்ல மெல்லக் கழட்டப் பாக்கிறா, தம்பி."

கழற்றவில்லை. அதற்குப் பிறகு பல வருடங்கள் அவர் வாசித்தார், கீழ் ஸ்தாயியில். புதுப் பாட்டின் நோட்டு கைக்கு வரும்போதெல்லாம், தன் பகுதி குறைந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்.

போன ஞாயிறு வைத்தியசாலைக்குப் போயிருந்தேன். ஒட்சிசன் குழாயோடு படுத்திருந்தார். சுகம் விசாரிக்க விடவில்லை.

"என்ர இடத்தில இப்ப ஆர் நிக்கிறான்?"

"ஒருத்தரும் இல்லை அண்ணை. ட்ரம்பெட் இல்லாமத்தான் வாசிக்கினம்."

ஒட்சிசன் குழாயை மூக்கிலிருந்து கொஞ்சம் விலக்கினார்.

"பொய் சொல்லாதேங்கோ, தம்பி."

பொய் இல்லை. அதற்கு முதல் நாளும் டோர்ட்முண்ட் மேடையில் அவருடைய மைக்கை அவருடைய உயரத்துக்கு ரூபன் நிறுத்தி வைத்தான். மைக்கின் முன்னால் யாரும் நிற்கவில்லை. போனில் ஒரு படம் எடுத்து வந்து காட்டியிருக்கலாம்... அதையும் நம்பியிருக்க மாட்டார்.

போய் வாங்கோ அண்ணை.