முருகனிடம் பூ கேட்டபோது நான் செய்த தப்பு

என் முதல் குழந்தை கதிருக்கு ஐந்தாவது மாதத்தில் சளி பிடித்தது. ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டான். நிமோனியா என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் நான் எந்தச் சாமியையும் கும்பிடவில்லை. முருகன் படத்துக்கு முன்னால் நின்று சண்டை போட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவள்தான் இன்று அவன் செய்த உதவியைச் சொல்ல வந்திருக்கிறேன். நடுவில் என்னைத் திட்டத் தோன்றும். தாராளமாகத் திட்டிக்கொள்ளுங்கள், ஆனால் முழுக்க வாசியுங்கள்.

நல்லூரில் எங்களுக்குச் சின்னதாக ஒரு தையல் யூனிட். பன்னிரண்டு மிஷின். என் கணவர் செந்தில் ஆர்டர் பார்ப்பார், நான் செக்கிங் பார்ப்பேன். அவர் என் அப்பாவின் அக்கா மகன். ஆகவே மாமியார் எனக்குச் சொந்த அத்தை. அத்தைக்கும் மாமனாருக்கும்கூடச் சொந்தத்தில்தான் கல்யாணம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தையல் விட்ட பீஸைப் பார்த்தால் யூனிட் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிடுவேன். அத்தை முன்னால் மட்டும் அந்த வாய் திறக்காது. கதிர் போனதற்கு என் பால் சரியில்லாததுதான் காரணம் என்று அவர் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுகூட நான் பேசவில்லை. உள்ளுக்குள் வெந்தேன்.

அடுத்த குழந்தையைப் பற்றி யோசித்தபோது எங்கள் லேடி டாக்டர் தடுத்தார். சொந்தத்தில் கல்யாணம், ஒரு குழந்தை தவறியிருக்கிறது, ஆகவே கர்ப்பம் ஆவதற்கு முன்பே கோவையில் மரபணு ஆலோசனை சொல்பவரைப் பார்த்துவிடுங்கள் என்றார்.

தை மாதம் நான், கணவர், அத்தை மூன்று பேரும் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா என்னைவிடச் சின்னவர். ஆண்களுக்குக் கட்டம், பெண்களுக்கு வட்டம் என்று ஒரு தாளில் எங்கள் குடும்பம் முழுவதையும் வரைந்தார். வேறு குழந்தை யாராவது சின்ன வயதில் தவறியிருக்கிறதா என்று கேட்டார்.

“எங்க ஊட்டுல அப்படி ஒண்ணுமே இல்லீங்க,” என்றார் அத்தை.

கதிர் கைகால் நன்றாக ஆட்டினானா என்று கேட்டார். அதற்கும் அத்தைதான் பதில் சொன்னார். பையன் கொழுகொழுவென்று இருந்தான், கொஞ்சம் சோம்பேறி, அப்பனைப் போல என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். என் மகன் ஒரு நாள்கூடக் காலைத் தூக்கி உதைத்ததில்லை என்று எனக்குத் தெரியும். வாயால் சொன்னால் அது நிஜமாகிவிடுமோ என்று பயந்து சும்மா இருந்துவிட்டேன்.

இன்ன நோய் என்று சந்தேகப்பட எதுவும் கிடைக்காததால், பல நோய்களைச் சேர்த்துத் தேடும் பெரிய டெஸ்ட் எடுக்கலாம் என்றார் டாக்டரம்மா. இருவர் ரத்தமும் வேண்டும். ரிப்போர்ட் வர இரண்டு மாதம் ஆகும், அதுவரை கர்ப்பம் வேண்டாம் என்றார். அத்தை எழுந்தே விட்டார். தன் மகன் ரத்தத்தில் ஒரு குறையும் கிடையாது, முருகனிடம் பூ கேட்டுவிட்டுத்தான் எதுவும் என்று சொல்லிவிட்டார். என் கணவர் அம்மா பேச்சைத் தட்ட மாட்டார். அவர் ரத்தம் கொடுக்காமல் நான் மட்டும் கொடுத்து என்ன பயன்?

வெளியூர் அடியார்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பெரிய காரியம் எதுவானாலும் சாமியிடம் பூ கேட்போம். சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் தனித்தனியாக இலையில் மடித்து, பார்த்தால் தெரியாதபடி ஒரே மாதிரி கட்டி, சாமி காலடியில் வைப்போம். எடுக்கும் பொட்டலத்தில் என்ன பூவோ அதுதான் உத்தரவு. சிவப்பு வந்தால் டெஸ்ட், வெள்ளை வந்தால் டெஸ்ட் வேண்டாம் என்று அத்தை வேண்டிக்கொண்டார். பொட்டலம் மடிக்கும் வேலை என்னுடையது.

இரண்டிலும் செவ்வரளியையே வைத்துக் கட்டினேன்.

ஆமாம், சாமியிடமே. எனக்கு வேறு வழி தெரியவில்லை. இன்னொரு குழந்தையை மண்ணில் வைக்க என்னால் முடியாது. அத்தை கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். சிவப்பு. பூசாரி வழக்கப்படி மற்றதையும் பிரித்துக் காட்டக் கை நீட்டினார். “இது ஊட்டுக்கு இருக்கட்டுமுங்க” என்று சட்டென்று எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த வாரமே இருவரும் ரத்தம் கொடுத்தோம்.

ஒரு மாதம் போனது. எனக்கு நாள் தள்ளிப் போனது. ஒரு வாரம் காத்திருந்து வீட்டிலேயே டெஸ்ட் செய்தேன். இரண்டு கோடு. ஜாக்கிரதையாகத்தான் இருந்தோம், எப்படியோ தவறிவிட்டது. கணவரிடம் சொன்னேன். அவர் முகத்தில் முதலில் சந்தோஷம், அடுத்த நிமிஷம் பயம். அத்தையிடம் சொல்லவில்லை. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சாமியை ஏமாற்றினாயே, வாங்கிக்கொள் என்றுதான் எனக்குத் தோன்றியது. செக்கிங் டேபிளில் ஓட்டை பனியன் கண் முன்னால் போகும், எனக்குத் தெரியாது.

அடுத்து வந்த சஷ்டி அன்று காலை கோயிலுக்குப் போனேன். அத்தையும் வந்திருந்தார். அன்று என் வாழ்க்கையில் முதல் முறையாக எதையும் பேரம் பேசாமல் வேண்டினேன். முருகா, நான் உன் காலடியில் பொய்யை வைத்தேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய். இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒரு வழி காட்டு. இவ்வளவுதான் வேண்டினேன். குரல் ஒன்றும் கேட்கவில்லை. அத்தையிடம் போய்ச் சொல் என்ற ஒரே நினைப்பு மட்டும் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது, நகரவே இல்லை. சொன்னால் என்னை அப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று பயந்தேன். மகனுக்கு வேறு பெண் பார்க்கலாம் என்று அவர் ஒருமுறை பேசியது என் காதுக்கு வந்திருக்கிறது.

கோயில் படியில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். பொட்டலத்தைச் சொன்னேன். கர்ப்பத்தைச் சொன்னேன். கதிர் காலை உதைத்ததே இல்லை என்பதையும் சொன்னேன். அத்தை என்னைப் பார்க்கவே இல்லை. தேங்காய்த் தட்டைக் கீழே வைத்தார். அடி விழும் என்றே நினைத்தேன்.

“நானும் அந்த டாக்டரம்மாகிட்டப் பொய்தான் சொன்னேன் கண்ணு,” என்றார்.

என் கணவருக்கு முன்னால் அவருக்கு ஒரு பெண் குழந்தை. தலை நிற்கவே இல்லை. கால் துணி மாதிரி கிடக்கும். கண் மட்டும் ஆளை அடையாளம் கண்டு சிரிக்கும், நாக்கு நடுங்கிக்கொண்டே இருக்கும். நாலாவது மாதம் மூச்சுத் திணறிப் போய்விட்டது. வெளியே தெரிந்தால் இந்தக் குடும்பத்தில் யாரும் சம்பந்தம் வைக்க மாட்டார்கள் என்று பெரியவர்கள் வாயை அடைத்துவிட்டார்கள். கதிர் பிறந்து ஒரு மாதத்திலேயே தனக்குத் தெரிந்துவிட்டது என்றார். “பாலு சரியில்லைன்னு சொன்னா எம்பட ரத்தத்துல கொறை இல்லைன்னு ஆயிருமுன்னு நெனச்சேன் கண்ணு. உம்மேல பழியப் போட்டுட்டேன்.” எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுததும் நான்தான்.

மறுநாளே மூவரும் கோவைக்குப் போனோம். அத்தை எல்லாவற்றையும் சொல்லச் சொல்ல, டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். ஒரே குடும்பத்தில் இரண்டு குழந்தைகள், இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி என்றால் எஸ்.எம்.ஏ. என்ற தசை பலவீன நோயாக இருக்கலாம், அதற்குத் தனி டெஸ்ட் இருக்கிறது, சீக்கிரமே முடிவு தெரியும் என்றார். பாலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, இதில் யார் மேலும் தப்பில்லை என்றும் சொன்னார். தாளில் புதிதாக ஒரு வட்டம் போட்டார். அத்தை எட்டிப் பார்த்து, “வள்ளின்னு எழுதுங்க, பேரு வெச்சிருந்தோம்,” என்றார். தனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்று என் கணவருக்கு முந்தைய நாள்தான் தெரியும். எழுந்து வெளியே போய்விட்டார்.

பத்து நாளில் முடிவு வந்தது. எங்கள் இருவரிடமும் அந்தக் குறை மறைந்திருக்கிறது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. குழந்தைக்கு அந்த நோய் இருக்கிறதா என்று பார்க்க, மூன்றாம் மாதம் வயிற்றில் ஊசி போட்டு நஞ்சுக்கொடியிலிருந்து துளி எடுத்தார்கள். பாதிப்பு இருந்தால் என்ன செய்வது என்று நானும் அவரும் கேட்டுக்கொள்ளவே இல்லை. முடிவு வரும்வரை இரண்டு வாரம் மூவரும் ஒரே வீட்டில் பேசாமல் சாப்பிட்டு, பேசாமல் படுத்தோம். இதற்கு நடுவில் முதலில் கொடுத்த பெரிய டெஸ்ட்டின் ரிப்போர்ட் வந்தது. அதில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை என்றிருந்தது. அந்த டெஸ்ட் இந்த ஒரு நோயைச் சில சமயம் தவறவிட்டுவிடுமாம். அதை மட்டும் நம்பியிருந்தால் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் விழுந்திருப்போம். அடியார்களே, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் என்னை அத்தையிடம் பேச வைத்து முருகன் எனக்கு என்ன செய்தான் என்று புரிந்து உடம்பு புல்லரித்தது.

ஒரு வியாழக்கிழமை மதியம், மூவரும் யூனிட்டில் இருந்தபோது போன் வந்தது. குழந்தைக்கு அந்த நோய் இல்லை. என் கணவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். பன்னிரண்டு மிஷினும் நின்றது. என்ன ஏது என்று டெய்லர்கள் திரும்பிப் பார்க்க, அத்தை தரையில் விழுந்து கும்பிட்டார்.

ஐப்பசியில் மகள் பிறந்தாள். இப்போது நடக்கிறாள், என்னைவிட அதிகம் சத்தம் போடுகிறாள். பரிகாரமாக எல்லா சஷ்டிக்கும் கோயிலில் பூக்கட்டும் வேலையை எடுத்துக்கொண்டேன். பிள்ளைக்காக வேண்டி வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். அவனை நம்பி வேண்டுங்கள், டாக்டரிடம் போங்கள், எதையும் மறைக்காதீர்கள்.

போன சஷ்டிக்கு அவிநாசியிலிருந்து ஒரு பெண் தன் மாமியாரோடு வந்தாள். இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தவள். கோவைக்குப் போங்கள் என்றதும் அந்த மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் எதுவும் கிடையாது என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

“எனக்கும் ஒண்ணு போச்சுங்க. பொம்பளப் புள்ள. நாலு மாசம். முப்பது வருஷமா மூடி வெச்சு, பேரனையும் மண்ணுக்குக் குடுத்துட்டேன். உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமுங்களா?”

அந்த அம்மா சன்னதிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். பிறகு மருமகளைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார்.