ஒன்பதில் நின்ற திருகு

இதில் ஒரு சொல்லும் கற்பனை அன்று.

வார இதழ்களில் வரும் பேய்க்கதைகளை நானும் படிக்கிறேன். எழுவாய் ஓரிடத்தில் கிடக்கும். பயனிலை வேறோரிடத்தில் கிடக்கும். நாள் இராது, மணி இராது. வெள்ளைச் சேலை மட்டும் தவறாமல் இருக்கும். அவற்றை நம்புகிறவர்கள் நான் சொல்வதை மட்டும் நம்ப மறுக்கிறார்கள். "மாஷுக்கு வயதாகிவிட்டது, தனியாக இருக்கிறார், மூளை குழம்பிவிட்டது" என்கிறார்கள். வயதானதும் தனியாக இருப்பதும் உண்மை. மூன்றாவது அவதூறு. ஆகவே மணியைக் குறித்தே எழுதுகிறேன். மறுக்க விரும்புகிறவர்கள் மணியைக் குறித்தே மறுக்கட்டும்.

1979, ஜூலை 14, சனிக்கிழமை. கொச்சியில் மட்டாஞ்சேரி.

அப்போது எனக்கு ஐம்பத்து நான்கு வயது. மனைவி, மக்கள் இல்லை. முப்பத்தோர் ஆண்டுகளாகத் தமிழாசிரியன்; ஆகவே ஊரார்க்கு 'மாஷ்'. அவற்றுள் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒருவரிடம் முறையாகப் பாட்டும் கற்றேன். ஆனால் ஒருவர் முன்னும் பாடியதில்லை. என் மாடி அறையின் சன்னல்களைச் சாத்திக்கொண்டுதான் பாடுவேன். எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்மணி ஒருத்தி, "எந்தா மாஷே, வயிறு வலிக்குதோ?" என்று ஒரு முறை கேட்ட நாளிலிருந்து அந்த வழக்கம்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் லக்ஷ்மிநாராயணன் இதைக் கேள்விப்பட்டு, "ஒரு நாள் எங்களுக்குப் பாடுங்கள். கூட்டம் சேர்ப்பது என் பொறுப்பு" என்றார். நானும் இசைந்தேன். அன்றே எனக்குள் ஓர் உறுதி செய்துகொண்டேன். ஒருவராவது கடைசி வரை உட்கார்ந்து கேட்டால் சாகும் வரை பாடுவேன். ஒருவரும் கேட்கவில்லையெனில் சுருதிப் பெட்டியை விற்றுவிட்டு வாயை மூடிக்கொள்வேன்.

துண்டறிக்கையில் 'இன்னிசைக் கச்சேறி' என்று அச்சிட்டிருந்தார்கள். நூறு தாளையும் வாங்கிச் சிவப்பு மையால் நானே திருத்திக் கொடுத்தேன்.

இடம், யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் ஒரு மளிகைக் கிடங்கின் மேல்மாடி. கீழே சுக்கு மூட்டைகள். மேலே ஒன்றுமில்லாத நீண்ட கூடம். சுண்ணாம்புச் சுவர், மரத் தரை, மிக உயரத்தில் ஓட்டுக் கூரை. ஏறி வர ஒரே மரப்படி. அதன் அடியில் காவல்காரர் பிச்சை, ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

மாலை 5.20 மணிக்குச் சுப்புராஜ் வந்தார். ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். மட்டாஞ்சேரியிலேயே பிறந்த தமிழர். சிறு கச்சேரிகளுக்கென்று தம் கையாலேயே இரண்டு ஒலிபெருக்கிகள் செய்திருந்தார். ஆள் உயரம், ஒரு சாண் அகலம். உள்ளே நான்கு சிறு ஸ்பீக்கர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக. தூண் போல் நிற்பதால் 'காலம் பாக்ஸ்' என்பார். தோளுக்கு ஒன்றாகத் தொங்கவிட்டு, ஆம்ப்ளிபயரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு எங்கும் போய்விடுவார். அன்று இரண்டுக்கும் மழைக்காகப் பாலித்தீன் உறை போட்டுக் கொண்டுவந்தார்.

"என்ன சுப்புராஜ், இரண்டு பிணம் போல் தூக்கி வருகிறீர்?"

"பிணம் கனக்கும் மாஷே. இது பதினோரு கிலோதான்."

மேடைக்கு இரு பக்கமும் அவற்றை நிறுத்தினார். 5.50 மணிக்கு மைக்கைப் போட்டு, ஆம்ப்ளிபயரில் ஒலியைக் கூட்டும் திருகை மெல்ல ஏற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று... நான்கில் பெட்டிகள் "கீ...ஈ...ஈ..." என்று ஊளையிட்டன. நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவர் சிரித்தார்.

"காலி ஹாலு மாஷே. அதுக்குப் பேச வேற ஆளில்ல. தன் சத்தத்தத் தானே கேட்டுக் கத்துது. ஆளு வரட்டும், அடங்கிரும்."

"ஆள் வந்தால் ஏன் அடங்குகிறது?"

"ஒடம்பு சத்தத்தக் குடிக்குமில்லே? சொவரு குடிக்காது, திருப்பி அடிக்கும். ஆளு ஏற ஏற நானும் திருக ஏத்தலாம். திருகப் பாத்தே எத்தன தலைன்னு ஏகதேசம் சொல்லிருவேன்."

நான் தொண்டையைச் செருமினேன். அந்தச் செருமல் எதிர்ச் சுவரில் பட்டு இரண்டு முறை திரும்பி வந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

ஆறரை மணிக்குத் தொடங்க வேண்டும். நூற்றைம்பது மடக்கு நாற்காலிகள் காத்திருந்தன. ஆறரை ஆயிற்று. ஒருவரும் இல்லை. மழை ஓட்டின்மேல் கொட்டிற்று. 6.45 மணிக்குச் சாயாக்கடைப் பையன் ஒரு செய்தி கொண்டுவந்தான். எர்ணாகுளத்திலிருந்து வர வேண்டிய வயலின்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் படகும் கிடைக்கவில்லை, பேருந்தும் கிடைக்கவில்லை. செயலாளர் லக்ஷ்மிநாராயணனோ மதியமே தேவராவுக்குப் போய்விட்டாராம். அங்கே சினிமாப் பாட்டுக் கானமேளா. சங்கத்தார் அனைவரையும் தாமே அழைத்துப் போயிருக்கிறார். என் பெயரை அச்சிட்டுவிட்டு, என்னை நூற்றைம்பது நாற்காலிகளுக்கு முன் உட்கார்த்திவிட்டு, இன்னொரு கச்சேரிக்குப் போயிருக்கிறார்! இன்றளவும் அதற்கு அவர் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்ததில்லை.

ஏழு மணி. சுப்புராஜ் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"எறக்கிக் கட்டட்டா மாஷே?"

"வேண்டா. அறிவித்த கச்சேரி நடக்கும்."

"யாரு கேக்க?"

"நீர் இருக்கிறீர்."

"எனக்குப் பாட்டு அறியாது மாஷே. எனக்குக் கத்துதா, கத்தலையான்னு மாத்திரம்தான் தெரியும்."

7.05 மணிக்குச் சுருதிப் பெட்டியைத் திறந்தேன். நானே ஊதி நானே பாடினேன். மேடையில் நான் ஒருவன். இடப்பக்கம் ஆறடி தள்ளி, ஆம்ப்ளிபயர் அருகே சுப்புராஜ். எதிரே நாற்காலிகள். நாற்பது வாட் விளக்கில் அவற்றின் கால்கள்கூடத் தெளிவாகத் தெரிந்தன.

முதற்பாட்டு முடிந்தது. கைதட்டல் இல்லை. 7.12.

தொண்டையைச் செருமினேன்.

செருமல் திரும்பி வரவில்லை.

அப்போது அதை நான் பொருட்படுத்தவில்லை. சுப்புராஜ் நிமிர்ந்தார். குனிந்து திருகைப் பார்த்தார். நான்குக்கு ஏற்றினார். ஐந்துக்கு ஏற்றினார்.

"என்ன?" என்றேன்.

"கத்தல மாஷே."

"நல்லதுதானே?"

"நல்லதுதான்..."

மைக்கை விரலால் தட்டிப் பார்த்தார். வேலை செய்தது. கம்பிகளைத் தொட்டுப் பார்த்தார். போய் உட்கார்ந்துகொண்டார். அதன் பின் நாங்கள் பேசவில்லை. அடுத்த பாட்டின் நடுவே, 7.25 மணிக்கு, அவர் விரல்களை உயர்த்திக் காட்டினார்.

ஆறு.

கூடம் மாறிவிட்டிருந்தது. எப்படிச் சொல்வது? வகுப்பில் நாற்பது பேர் வாய் பேசாமல் இருப்பது ஒரு வகை அமைதி. நாற்பது பேரும் கேட்டுக்கொண்டிருப்பது வேறு வகை. இரண்டாவது வகை முப்பத்தோர் ஆண்டுகளில் எனக்கு நான்கைந்து முறையே வாய்த்தது. அன்று அது வாய்த்தது. என் குரல் போகிற இடத்தில் அது வாங்கிக்கொள்ளப்பட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அச்சம் வரவில்லை. மகிழ்ச்சியே வந்தது. கண் நனைந்தது. இன்னும் நன்றாகப் பாடினேன்.

7.34. ஏழு விரல்கள்.

பாட்டுக்கு இடையில் சன்னலைப் பார்த்தேன். தெரு விளக்கின் ஒளியில் மழை கம்பி கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது. பலத்த மழை.

ஆனால் ஓட்டின்மேல் அதன் ஓசை இல்லை.

சுருதிப் பெட்டியின் ஓசை மட்டும். என் மூச்சு மட்டும்.

7.41. எட்டு.

சுப்புராஜ் காலை மடக்கி நாற்காலியின்மேல் வைத்துக்கொண்டார். தோள்களை ஒடுக்கினார். ஆம்ப்ளிபயரைத் தூக்கி மடியில் வைத்து அணைத்துக்கொண்டார். நெரிசலான பேருந்தில் மூட்டை வைத்திருப்பவர் அப்படித்தான் உட்காருவார். அவரைச் சுற்றி ஆறடிக்கு ஒன்றுமில்லை.

நாற்காலிகளைப் பார்த்தேன். காலி.

மறுபடியும் பார்த்தேன். காலி.

7.50. அவர் விரல் காட்டவில்லை. கண்களை இறுக மூடியிருந்தார். திருகு ஒன்பதில் நின்றது. அது எனக்கே தெரிந்தது.

அப்போதுதான் பயந்தேன்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

அது தெரியவில்லை. ஆகவே நிறுத்தவில்லை. உதடு உலர்ந்தது. தண்ணீர்க் குவளைக்குக் கை நீட்ட எண்ணினேன். நீட்டவில்லை. கை எதன்மேலாவது பட்டுவிட்டால்...

மங்களம் பாடினேன். 8.02.

முடித்தேன். 8.06.

கைகூப்பினேன்.

ஒரு நொடி...

இரண்டு...

"கீ...ஈ...ஈ...ஈ...!"

பெட்டிகள் இரண்டும் ஒன்றாக அலறின. சுப்புராஜ் திருகைப் பிடித்து இறக்கினார். எட்டு, ஏழு, ஆறு. அலறல் நிற்கவில்லை. நான்குக்குக் கீழே வந்த பிறகே அடங்கிற்று. அடங்கியதும் ஓட்டின்மேல் மழை கொட்டும் ஓசை கேட்டது, யாரோ அப்போதுதான் கதவைத் திறந்துவிட்டாற்போல.

மரப்படியில் ஒரு காலடியும் கேட்கவில்லை.

கீழே பிச்சை அதே ஸ்டூலில் இருந்தார்.

"யாரேனும் ஏறி வந்தார்களா?"

"ஒத்த ஆளு ஏறல மாஷே. நான் இங்கிருந்து அசையல. நீங்க யாருக்குப் பாடுனீங்க?"

தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். சுப்புராஜ் இரண்டு பெட்டிகளையும் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளினார். என் வீட்டு முனையில் கேட்டேன்.

"எத்தனை பேர் இருக்கும், சுப்புராஜ்?"

சைக்கிளை நிறுத்திப் பெட்டிகளின் உறையை இழுத்து மூடினார்.

"நெறஞ்ச ஹாலு மாஷே" என்றார்.

நான் விசாரிக்காமல் இல்லை. கிடங்கின் உரிமையாளரைக் கேட்டேன். ஐம்பது ஆண்டுகளாக அங்கே மூட்டை தூக்கிய இருவரைக் கேட்டேன். அங்கே தீப்பிடித்ததில்லை. கொலை நடந்ததில்லை. தூக்கிட்டுக்கொண்டவர் இல்லை. ஒரு பூனைகூடச் செத்ததாக எவரும் கூறவில்லை. தூக்குக் கயிற்றை எதிர்பார்க்கும் வாசகர்களுக்கு என்னால் அதைத் தர இயலாது.

ஏழு மாதங்கள் கழிந்தன. உண்மையைச் சொன்னால், என் வாழ்வில் நான் தனிமையை உணராத ஏழு மாதங்கள் அவையே. யாராயிருந்தாலும் இருக்கட்டும், கடைசி வரை இருந்து கேட்டார்கள். செயலாளரைப் போல் இன்னொரு கச்சேரிக்குப் போய்விடவில்லை. அது போதாதா? நாள்தோறும் பாடினேன், சன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு.

1980, பிப்ரவரி 18, திங்கட்கிழமை. காலை 7.10 மணிக்குச் சுப்புராஜ் என் அறைக்கு வந்தார். சாயா போடட்டுமா என்றேன். வேண்டா என்றார். உட்காரவும் இல்லை.

"நேத்து அதே ஹால்ல கல்யாணம் மாஷே. அதே பாக்ஸ், அதே மைக்கு. மேடையும் அதே எடத்துல."

"சரி."

"முந்நூத்தி இருபது பேரு. எலைக்கணக்குல பாத்தேன். உக்கார எடமில்ல. சொவரோரம் நின்னாங்க, வாசலடைச்சு நின்னாங்க. பொண்ணுக்கே வழியில்ல. ஒரு ஆளுகூட இனிக் கொள்ளாது."

"அதனால்?"

"கத்துச்சு மாஷே."

"எதில்?"

"ஆறுல."

எனக்கு உடனே விளங்கவில்லை. கணக்கில் நான் மெதுவானவன். அவர் காத்திருந்தார்.

"தரை நெறஞ்சாலே ஆறுதான் மாஷே. அதுக்கு மேல போகாது. அன்னிக்கு ஒம்பது."

"அப்படியெனில்... மீதிப் பேர் எங்கே இருந்தார்கள்?"

அவர் தலையை உயர்த்தி என் அறையின் ஓட்டுக் கூரையைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

ஒருவராவது கேட்டால் சாகும் வரை பாடுவேன் என்பது என் உறுதி. அதை நான் காக்கவில்லை. அன்று மதியமே சுருதிப் பெட்டியை விற்றுவிட்டேன்.

மேல் சட்சமத்தைப் பிடிக்கும்போதெல்லாம் முகத்தை நன்றாக உயர்த்திக் கண்களை மூடிக்கொள்வது என் வழக்கம். அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை உயர்த்தினேன், என் முகத்துக்கும் மேலே இருந்ததற்கும் இடையே எத்தனை விரற்கடை இருந்தது என்பதை மட்டும் என்னால் குறித்துச் சொல்ல இயலவில்லை.