இழுக்க வராத சுருட்டும் ரப்பர் பல்பும்

சுருட்டுக் கடையில விக்கிறது பாதி வேலைதான். வித்த சுருட்டு "இழுக்க வரல"ன்னு திரும்பி வந்தா அதுக்கு மூச்சு வர வைக்கிறது மீதி வேலை.

கவுண்டருக்குப் பின்னாடி நின்னு பிழைக்கிறவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. திரும்பி வர்ற சாமானைவிட, அதைத் தூக்கிட்டு வர்ற முகம்தான் பயம். எனக்குப் படிப்பு கம்மி, ஆளைப் பாத்துப் பேசவும் வராது. ரெட்டியார்பாளையத்துலேர்ந்து டவுன் வரைக்கும் நான் வர்றதே கடைக்குப் பின் தெருவுல பால்வாடி இருக்கிறதாலதான். என் பொண்ணு ஜெனி அங்க இருக்கா. அவ அழுதா கடைக்கே கேக்கும்.

கொண்டை ஊசி

மழைக்காலத்துல கடல்காத்து ஈரம் ஏறி சுருட்டெல்லாம் உப்பிப் போயிடும். உள்ள இலை இறுகிட்டா புகை வராது. நான் வேலைக்குச் சேந்து இது தெரியாத புதுசுல, எங்க வாடிக்கை சொல்தா வந்தாரு. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு பென்ஷன் வாங்குறவங்களை எங்க ஊர்ல சொல்தான்னுதான் சொல்லுவோம். வாங்கின சுருட்டைக் காட்டி, "வரலியேம்மா"ன்னாரு.

நான் பதட்டத்துல தலையிலேர்ந்து கொண்டை ஊசியை உருவி, சுருட்டுக்குள்ள ஒரே குத்தா குத்திட்டேன். ஒரு குத்துக்கு அசையலன்னு இன்னும் ரெண்டு மூணு. வாசல்ல நின்னு பத்தவெச்சாரு. வாய்ப்பக்கம் வர வேண்டிய புகை விலாவுல நாலு இடத்துல கிளம்புது. அவர் கோபப்படல. ஓட்டைங்க மேல விரலை வெச்சு மூடி மூடித் திறந்து பாத்துட்டுச் சொன்னாரு: "ஏம்மா, நான் சுருட்டு கேட்டேன், நீ நாதஸ்வரம் குடுத்துருக்க."

எச்சில்

முதலாளி அந்துவான் சார் சிரிக்கல. "இனி ஒரு தடவை சொல்தா மூஞ்சி சுளிச்சாருன்னா நீ சேதராப்பட்டு குடோனுக்குப் போயி பொட்டி ஒட்டு"ன்னுட்டாரு. சேதராப்பட்டுன்னா ரெண்டு பஸ். பால்வாடி விடுற நேரத்துக்கு நான் எப்படித் திரும்புவேன்?

அப்புறம் அவரே கத்துக்குடுத்தாரு. சுருட்டை ரெண்டு விரலுக்கு நடுவுல மெதுவா உருட்டணும். எங்க கட்டியா தட்டுதோ அங்க நோகாம அமுக்கணும். அதுக்கும் அசையலன்னா மெல்லிசுக் கம்பியை நேரா விட்டுத் திருகி எடுக்கணும். கடைசியா, பத்தவெக்காம வாயில வெச்சு இழுத்துப் பாக்கணும். அங்கதான் சிக்கல். நான் வாய் வெச்சா எச்சில், அதை யாரு வாங்குவா? அதோட, பொம்பளை கவுண்டர்ல நின்னு சுருட்டு இழுத்தா தெருவே வேடிக்கை பாக்கும்.

அன்னிக்கு ஜெனிக்குச் சளி. மூக்குச்சளியை உறிஞ்சி எடுக்கிற ரப்பர் பல்பு புதுசா ஒண்ணு வாங்கி, கவர் பிரிக்காம பையில வெச்சிருந்தேன். பல்பை அமுக்கி, சுருட்டுல வாய் வெக்க வெட்டின முனையில வெச்சு, சுத்தி விரலால மூடிட்டு, அமுக்கின பிடியை விட்டுப் பாத்தேன். காத்து வந்தா பல்பு புஸ்ஸுன்னு எழும்புது. அடைப்புன்னா அமுங்கினது அமுங்கினபடியே கிடக்குது. அதுலேர்ந்து அது கடைப் பல்பு. ஜெனிக்குப் பழசே போதும்.

சார் பாத்துட்டு, "இது எந்த ஊர் சாமான், பாரீஸா?"ன்னாரு. கூச்சப்படுறவங்களுக்கு ஒரு வசதி, பதில் சொல்லலன்னாலும் யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். சார் சொன்னாரு: "பத்திரமா வெச்சுக்க, கெட்டுப்போச்சுன்னா இங்க ரிப்பேர் பண்ண ஆள் கிடையாது."

புது மாப்பிள்ளை

ஊர் சுத்திப் பாக்க வந்த புதுசா கல்யாணமான ஜோடி. மாப்பிள்ளைக்குக் கன்னம் ரெண்டும் உள்ள போயி, கண்ணு பிதுங்கி நிக்குது. "இழுத்து இழுத்து தாடையே வலிக்குது"ன்னு முந்தின நாள் வாங்கின சுருட்டை நீட்டினாரு. பாத்தா, மூடியிருந்த முனையை வெட்டவே இல்ல.

நான் வெட்டிக் குடுத்தேன். பொண்ணு என்கிட்ட சாய்ஞ்சு மெதுவா சொல்லுச்சு: "நேத்துலேர்ந்து மூஞ்சிய இப்படித்தான் வெச்சிருக்காருக்கா, எங்கம்மா குடுத்த சீர் பத்தலையோன்னு நெனச்சேன்."

பாரீஸ் சாமான்

சொல்தா மறுபடி வந்தாரு. கூடவே பிரான்ஸ்லேர்ந்து வந்திருந்த அவர் பொண்ணு, இடுப்புல கைக்குழந்தை. ஒரு சுருட்டை எடுத்து, முனையை வெட்டி, பத்தவெக்காமலே இழுத்துப் பாத்தாரு. மூஞ்சி சுளிச்சாரு. அந்துவான் சார் என்னைப் பாத்தாரு. எனக்கு சேதராப்பட்டு பஸ்ஸு ஹாரன் அடிக்கிற மாதிரி இருந்துச்சு.

சுருட்டை வாங்கி டிஷ்யூவால துடைச்சுட்டு பல்பை வெச்சேன். எழும்பல. உருட்டினேன், நடுவுல ஒரு கட்டி. அமுக்கினேன். கம்பியை நேரா விட்டுத் திருகி எடுத்தேன். மறுபடி பல்பு வெச்சேன். புஸ். சொல்தா வாசலுக்குப் போயி பத்தவெச்சு, கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்தாரு. "இது சுருட்டு"ன்னாரு.

மூச்சு விடலாம்னு நிமிந்தா, சொல்தா பொண்ணு பல்பையே பாக்குது. அதுவும் தாய்தானே. அது பிள்ளைக்கும் மூக்கு ஒழுகுது. நான் தரையைப் பாத்தேன். சார் பெருமையா, "பாரீஸ் சாமான் மேடம்"ன்னாரு. அந்தப் பொண்ணு சிரிப்பை அடக்கிட்டு, "ஆமா சார், அங்க கைக்குழந்தை இருக்கிற வீட்ல எல்லாம் இது இருக்கும்"னுச்சு. அவங்க போனப்புறம் சார் என்கிட்ட வந்து கேட்டாரு: "ஏம்மா, அந்த ஊர்ல அவ்ளோ சின்ன வயசுலயே சுருட்டு புடிக்க ஆரம்பிச்சுடுறாங்களா?"

சுருட்டோ பிள்ளை மூக்கோ, அடைப்பை எடுத்துவிட்டா சத்தம் போடுறவங்க அடங்கிடுறாங்க, நானும் சாயங்காலம் பால்வாடி வாசல்ல நேரத்துக்கு நிக்கிறேன்.