பென்னியின் சட்டையில் ஒரு கத்திப்பிடி

காசிமேட்டில் மீன் வெட்டும் பெண்களுக்கு மரப்பிடிக் கத்தி ஆறு மாதம்கூடத் தாங்காது. தண்ணீரில் ஊறி, உப்பி, பிளந்துபோகும். அதனால் பாஸ்கல் செய்யும் துணிப்பிடிக்கு அங்கே நல்ல கிராக்கி. பழைய லுங்கியோ ஜீன்ஸோ, எதுவானாலும் பட்டை பட்டையாகக் கிழித்து, ரெசின் என்ற பசையில் தோய்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு பலகைக்கு நடுவே வைத்து முடுக்குவார். மறுநாள் கல்லாக இறுகியிருக்கும். அறுத்து உப்புத்தாள் போட்டால் துணியின் அடுக்குகள் மரத்தின் ரேகைபோல வரிவரியாக எழும்பும்.

முன்பு அவர் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர். மூன்று வருஷமாக ஒரு படகையும் தொடவில்லை. கேட்டால், ரெசின் நாற்றம் மூச்சுக்கு ஆகவில்லை என்பார். அந்த ரெசினைக் கலக்கிக்கொண்டேதான் அதையும் சொல்வார்.

ஒரு மதியம் ஃப்ளோரா வந்தாள். கையில் நீலக் கட்டம் போட்ட சட்டை.

"அண்ணா, பென்னியோட சட்டை இது. பொட்டில பூச்சி அரிக்குது. இதுல எனக்கு ஒரு பிடி போட்டுக் குடுண்ணா. தெனம் கையில கெடக்கட்டும்."

பாஸ்கலுக்கு முடியாதென்று சொல்ல வாய் வரவில்லை.

ஃப்ளோராவின் புருஷன் பென்னி. அவன் படகுக்குக் கடைசியாக ஒட்டுப் போட்டது பாஸ்கல்தான். மூன்று வருஷம் முன்பு, மழைக்காலம். ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் டப்பாவின் அடியில் கொஞ்சமே இருந்தது. வாங்கிவரச் சோம்பி, இருந்ததை ஊற்றிக் கலந்துவிட்டார். சாயங்காலம் விரலால் அழுத்தியபோது பிசுபிசுத்தது.

"காலைல போலாமாண்ணா?" என்றான் பென்னி.

"போடா, ஒண்ணியும் ஆவாது."

மறுநாள் பென்னியோடு கடலுக்குப் போன இரண்டு பேரை வேறொரு படகு கரைசேர்த்தது. ஏதோ கட்டை மோதியது, அடியில் தண்ணீர் ஏறியது என்றார்கள். பென்னியும் கிடைக்கவில்லை, படகும் கிடைக்கவில்லை. கட்டையா, ஒட்டா? எது என்று பாஸ்கலுக்குச் சொல்ல யாருமில்லை.

ஃப்ளோரா தந்த சட்டையைக் கிழித்தார். ஹார்டனரைச் சொட்டு சொட்டாக, இரண்டு தரம் அளந்து ஊற்றினார். மறுநாள் பலகையைப் பிரித்தால் பிசுபிசுப்பு. கொளுத்துகிற வெயில் காலம். இறுகாமல் போகக் காரணமே இல்லை. அடுத்த நாளும் அப்படியே. விரல் வைத்த இடத்தில் ரேகை பதிந்தது. முதுகுக்குப் பின்னால், "போலாமாண்ணா?" என்று தெளிவாகக் கேட்டது. திரும்பினார். வெயிலில் வலைதான் காய்ந்துகொண்டிருந்தது.

நாலாம் நாள்தான் இறுகியது. தேய்க்கத் தேய்க்க நீல வரிகளுக்கு நடுவே பாக்கெட் தையல் வெள்ளையாகத் தெரிந்தது.

பிடி போட்ட கத்தியை மீன் சந்தைக்கே எடுத்துப்போய்க் கொடுத்தார். ஃப்ளோரா பிடித்துப் பார்த்தாள்.

"கையில அப்டியே உக்காருதுண்ணா."

அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை.

"ஃப்ளோரா, அன்னிக்கு ஒட்டு காயலம்மா. தெரிஞ்சுதான் போன்னு சொன்னேன்."

வஞ்சிரத்தின் கழுத்தில் வைத்த கத்தி அப்படியே நின்றது.

"இன்னும் எத்தினி நாளு காஞ்சிருக்கணும்?"

"ரெண்டு நாளு."

"ரெண்டு நாளா?" அவள் குரல் உயரவில்லை. "வூட்ல உக்கார வெச்சிருப்பேனே. ரெண்டு நாளு தானே, புடிச்சு வெச்சிருப்பேனே."

பிறகு மீன் வாங்கக் காத்திருந்தவருக்கு வெட்டித் தந்தாள். பாஸ்கல் பக்கம் திரும்பவில்லை.

அன்றிலிருந்து அவள் பாஸ்கலிடம் பேசியதில்லை. கத்தியை வீசி எறியவுமில்லை. தினமும் அதில்தான் வெட்டுகிறாள். அந்தப் பக்கம் நடக்க முடியாமல் பாஸ்கல் பட்டறையைக் காத்திவாக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். அங்கும் சில மதியங்களில் அந்த "போலாமாண்ணா?" குரல் வருகிறது. இப்போது அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

போன மாதம் ஆட்டோக்காரர் மதார் சாகிப் பேப்பரில் சுற்றிய கத்தி ஒன்றைக் கொண்டுவந்தார்.

"ஃப்ளோரா குடுத்துச்சு. சாணை புடிக்கணுமாம்."

"வேற இன்னா சொல்லிச்சு?"

"ஒண்ணும் சொல்லல."

பேப்பரைப் பிரித்தால் அதே நீல வரிப் பிடி. அதில் சூடு ஏறாமலிருக்க ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு பாஸ்கல் சாணை பிடித்தார். கத்தியின் வாயில் கூர் ஏறியதும் அதே பேப்பரில் சுற்றி, மதார் சாகிப்பிடமே கொடுத்தனுப்பினார்.