கணவாயில் ஒரு 'நீங்க'

என் கணவன் செராஃபின் பால் பண்ணையில் பிறந்து தச்சுவேலை கற்றவன். இரண்டிலும் அவனுக்கு மனம் ஒட்டவில்லை. மலைச் சைக்கிளில் ஆட்களைக் கணவாய் தாண்டிக் கூட்டிப்போகத் தொடங்கிய பிறகுதான் வீட்டில் அவன் சிரிப்பைக் கேட்டோம். தோள்பட்டை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் நர்ஸுகளைச் சிரிக்க வைத்தான். அவனைப் பிடிக்காதவர் இல்லை. என் தொல்லையே அதுதான்.

நான் சின்ன வயதிலேயே படிப்பை நிறுத்திவிட்டு ஓட்டல் சலவையறைக்குப் போனவள். எனக்குப் பேச வராது, பார்க்கத்தான் வரும். பயணிகளின் பைகளை ஏற்றிக்கொண்டு சாலை வழியாக வேன் ஓட்டுவது என் வேலை. இந்த ஜூலையில் வேனைக் கொழுந்தனிடம் கொடுத்துவிட்டு நானும் சைக்கிளை எடுத்தேன்.

"என்ன புர்கி, திடீர்னு?" என்றான் செராஃபின்.

"சும்மாதான். எனக்கும் கொஞ்சம் காத்து வேணும்."

காற்றுக்காக இல்லை. ஃப்ரீடெரிக்கே என்ற பல் டாக்டர் ஆக்ஸ்பர்கிலிருந்து மறுபடியும் வந்திருந்தாள். போன கோடையிலும் வந்தாள், அதற்கு முந்தியும் வந்தாள். எத்தனையோ மலை இருக்க, அவளுக்கு எங்கள் கணவாய்தான் வேண்டியிருந்தது.

ஊசியிலைக் காட்டைத் தாண்டியதும் சரளைப் பாதை செங்குத்தாக ஏறியது. அவள் சைக்கிள் சங்கிலி சத்தமே போடவில்லை. முந்தின நாள் செராஃபின் எண்ணெய் விட்டிருந்தான். என்னுடையது கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. புல் முடிந்து வெறும் கல் தொடங்கிய இடத்தில் எல்லோரும் இறங்கினோம். அதற்குமேல் சைக்கிளைத் தோளில் போட்டுத்தான் நடக்க வேண்டும். அவள் தானாகவே தூக்கினாள். அவன் அவளுடைய முதுகுப்பைப் பட்டையைச் சரிசெய்யும் சாக்கில் அவள் தோளைத் தொட்டான். கை எடுக்க வேண்டிய நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தி எடுத்தான். எனக்கு மூச்சு வாங்கியது ஏற்றத்தால் மட்டும் இல்லை.

கணவாயின் தலையில் கஸ்ஸியான் நடத்தும் சாப்பாட்டுக் குடில். எல்லோருக்கும் ரொட்டி உருண்டை போட்ட சூப் வந்தது. செராஃபின் ஒரு கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினான்.

"நீங்க எடுத்துக்கங்க, டாக்டர்."

மேசையில் எல்லோர் கரண்டியும் பாதியில் நின்றது. எங்கள் பக்கம் மலையில் ஓர் உயரத்துக்கு மேல் 'நீங்க' கிடையாது. முன்பின் தெரியாதவனும் 'நீ', ஜட்ஜும் 'நீ'. குழந்தைக்குக்கூடத் தெரியும்.

கஸ்ஸியான் வெடித்துச் சிரித்தார். "ஏண்டா செராஃபின், பிஷப் வந்தப்பவே 'உனக்கு உப்பு போதுமா'ன்னுதான் கேட்டேன். இந்தம்மா அவருக்கும் மேலயா? இல்ல, கீழ இறங்கினதும் 'நீ'யா, மேல வந்தா 'நீங்க'வா? தலைகீழா ஓட்டுறியே!"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் காது சிவந்தது. அவள் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு கிண்ணத்துக்குள் பார்த்தாள். சொல்லிவைத்த ஒன்று சொதப்பியபோது வருமே, அந்தச் சிரிப்பு அவள் உதட்டில் இருந்தது.

சாப்பிட்ட பிறகு வெளியே அவள் பக்கத்தில் போய் நின்றேன். பேச வராதவள்தான். ஆனாலும் கேட்டேன்.

"கீழ அவனை எப்படிக் கூப்பிடுவ?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"உன்கிட்ட எல்லாம் சொல்லியாச்சுன்னு சொன்னானே! மத்தவங்க முன்னாடி மட்டும் 'நீ' வேண்டாம்னான்... உனக்குத் தெரியாதா?"

"இப்பத் தெரியும்."

அவளை அறைய வேண்டும் என்று தோன்றவில்லை. பொய்யே சொல்லியிருந்தாலும், உட்கார்ந்து சொல்ல அவளிடம் அவனுக்கு நேரம் இருந்திருக்கிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என்னிடம் அவன் டயரைப் பற்றியும் வானிலையைப் பற்றியும்தான் பேசுவான்.

இறக்கத்தில் வழிகாட்டிதான் முன்னால் போக வேண்டும். அன்று நான் போனேன். கல்லும் வளைவுமான பாதையில் பின்சக்கரம் துள்ளியது. "புர்கி, மெதுவா! விழுந்துடுவ!" என்று பின்னாலிருந்து கத்தினான். நான் விழவில்லை.

கீழே பாதை பிரியும் இடத்தில் நின்றேன். இடது பக்கம் எங்கள் வீடு. வலது பக்கம் கூட்டம் அன்று தங்கும் விடுதி. அவன் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"வீட்டுக்குப் போய்ப் பேசலாம், புர்கி."

"நீ கூட்டத்தோட போ. உன் துணியும் வேன்லதான் இருக்கு. மிச்சத்தை நாளைக்கு உன் தம்பிகிட்டயே கொடுத்து விடுறேன்."

அவன் ஒரு காலைத் தரையில் ஊன்றி அப்படியே நின்றான். நான் இடது பக்கம் திரும்பினேன்.