மூன்றாவது அழைப்பு

கிள்ளானில் ஒரு குழந்தைகள் மனநல கிளினிக். அதன் பதிவு கவுன்ட்டரில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவர் புஷ்பவல்லி. வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் மனசு தங்கம். பாலர் பள்ளி வயதுப் பிள்ளைகளைப் பார்க்க அங்கே ஒரே ஒரு டாக்டர். முறை வர எட்டு மாதமாகும். யாராவது வர முடியாமல் போனால், அந்த இடத்துக்கு அடுத்தவரைக் கூப்பிடுவது புஷ்பவல்லியின் வேலை. மூன்று முறை கூப்பிட்டும் சரிப்படவில்லை என்றால், பெயர் வரிசையின் கடைசிக்குப் போய்விடும்.

அன்று காலையில், மத்தியானம் இரண்டு மணிக்கான ஓர் இடம் காலியானது. அடுத்த பெயர் பண்டமாரானில் இருக்கும் விஷ்ணுப்ரியா, நாலு வயது. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த நாளிலிருந்து, மழைச் சத்தம் கேட்டாலே மேசைமேல் ஏறி நின்று அலறுகிற குழந்தை.

முதல் அழைப்பை யாரும் எடுக்கவில்லை. இரண்டாவதில் அம்மா சுரேகா பேசினாள். பேசினாளா, பொரிந்து தள்ளினாள்!

“நேத்து கோர்ட்டுன்னீங்க, இன்னிக்கு கிளினிக்கா? பிள்ளை பேரைக்கூட தெரிஞ்சு வச்சிருக்கீங்க! ஸ்கேம் பண்ண வேற ஆளைப் பாருங்கலா!”

டக்கென்று ஃபோனை வைத்துவிட்டாள்.

அட கடவுளே! எவனோ ஃபோனில் கோர்ட் என்று சொல்லி ஊரை ஏமாற்றுகிறான், அதற்கு ஒரு பச்சைக் குழந்தை இன்னும் எட்டு மாதம் அலற வேண்டுமா? புஷ்பவல்லிக்குக் கோபம் தலைக்கேறியது. பக்கத்து மேசை வேலாயுதம், “அடுத்த பேருக்குப் போங்கக்கா,” என்றார்.

“நீ சும்மா இருய்யா,” என்று அவரை அடக்கிவிட்டு, மூன்றாவது முறை கூப்பிட்டார். இந்தத் தடவை கிளினிக் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

“அம்மாடி, மழை வந்தா பாப்பா இன்னும் மேசை மேலதான் ஏறி நிக்குதா?”

சுரேகாவின் குரல் இறங்கியது. “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள்.

“நீதானேம்மா பதிவுப் பாரத்துல எழுதிக் கொடுத்த! ரெண்டு மணிக்குக் கூட்டிட்டு வா. நான் இங்கதான் இருப்பேன்.”

சுரேகா வேலையிடத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஒன்றே முக்காலுக்கே வந்துவிட்டாள். குழந்தை அவள் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தது. அவள் கவுன்ட்டரில் குனிந்து, குரலே எழும்பாமல் கேட்டாள்:

“சாரி ஆன்டி. என் பிள்ளைக்கு... பைத்தியமா?”

“பயம்மா, வெறும் பயம். காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட போறதில்லையா? பயம் வந்தாலும் போகலாம்.”

இரண்டு மணிக்கு இருவரும் உள்ளே போய் அரைமணி நேரம் கழித்து, டாக்டர் அறைக் கதவு திறந்தது. சுரேகா மட்டும் தனியாக வந்தாள். புஷ்பவல்லி பதறி எழுந்தார்.

“என்னம்மா ஆச்சு?”

“உள்ள விளையாடிக்கிட்டு இருக்கா, ஆன்டி. அம்மா வெளியில உக்காரட்டுமான்னு கேட்டேன். ‘போயிட்டு வாம்மா’ன்னுட்டா.”

சொல்லிவிட்டு, கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.